யன்னலடி அக்கா

ஒரு மத்தியானம் எங்கள் கந்தோர் யன்னலுக்கு வெளியே வந்து நின்ற மனிதன் ஒருவனை, முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல், கையை வீசி முன்பக்கம் போகச் சொன்னேன். அவன் முன்பக்கம் வரவில்லை. மறுநாள், அந்த யன்னலடியில் இருந்தது யார் என்று ஒரு பெண் மேசை மேசையாகக் கேட்டுக்கொண்டு வந்தபோது தெரியாது என்றேன். இருந்தது நான்தான். முதலாவதைக் கவனக்குறைவு என்று சொல்லலாம். இரண்டாவதைத் தெரிந்தே செய்தேன்.

அந்தப் பெண்ணைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். பெயர் வேண்டாம். கந்தோரில் எல்லோருக்கும் அவர் யன்னலடி அக்கா. அவரைவிட வயதில் மூத்தவர்களும் அப்படித்தான் அழைத்தார்கள்.

தொண்ணூற்றாறில் சண்டை வந்து கிளிநொச்சி கலைந்தபோது அக்கா வேலை செய்த கந்தோரும் கலைந்தது. கோப்புகளை ரக்டர் பெட்டியில் ஏற்றிக்கொண்டு அக்கராயன், பிறகு ஏதோ ஒரு பள்ளிக்கூடம் என்று அலைந்து கடைசியில் மல்லாவிக்கு வந்து சேர்ந்தார்கள். நான் யாழ்ப்பாணத்தை விட்டு வந்தவன். மல்லாவியில் அவர்கள் சாமான் இறக்கிய அதே வாரம்தான் அந்தக் கந்தோரின் நிர்வாகப் பொறுப்பை ஏற்றேன். எங்களுக்குக் கிடைத்தது பழைய சங்கக்கடை ஒன்றின் களஞ்சியம். நீளமான ஒரே மண்டபம், தகரக் கூரை. கோதுமை மாவின் மணமும் மண்ணெண்ணெய் மணமும் சுவரை விட்டுப் போகவேயில்லை. அதற்குள் எங்களோடு இன்னும் இரண்டு கந்தோர்கள் இருந்தன. தெருப்பக்கச் சுவரில் பெரிய யன்னல் ஒன்று. ஒரு காலத்தில் கூப்பனுக்குச் சாமான் கொடுத்த யன்னல் அது. அதன் கீழ்விளிம்பில் அகலமான முதிரைப் பலகை பொருத்தியிருந்தார்கள்.

அலுமாரியை எங்கே வைப்பது என்று நாங்கள் ஆண்கள் தர்க்கப்பட்டுக்கொண்டிருந்தபோது, அக்கா ஒரு பழந்துணியால் அந்தப் பலகையைத் துடைத்தார். பள்ளிக்கூட மேசை ஒன்றை யன்னலுக்குக் கீழே இழுத்துப் போட்டார். கைப்பையிலிருந்து, ஒரு பக்கம் நெளிந்த சிவப்பு பிளாஸ்க் ஒன்றை எடுத்துப் பலகையில் வைத்தார்.

"ஆருக்கும் மறுப்பு இல்லையெண்டால் நான் இதில இருக்கிறன் சேர்."

"ஏன் பிள்ளை? தெருப் புழுதி முழுக்க உங்களுக்கெல்லோ?"

"புழுதி பரவாயில்லை. எனக்கு வெளிச்சம் வேணும்."

அப்போது அவருக்கு நாற்பது வயது இருக்கும். கணவர் இல்லை, பிள்ளைகளும் இல்லை. ஒரு தம்பி இருந்ததாக யாரோ சொன்னது என் காதில் விழுந்திருக்கிறது. இருந்ததாகச் சொன்னார்களா, இருப்பதாகச் சொன்னார்களா என்று நான் கேட்கவில்லை. அந்த நாட்களில் எல்லோருக்கும் யாரோ ஒருவர் இருந்தார்கள், அல்லது இல்லாமல் போயிருந்தார்கள்.

அவர் ஓர் இடத்தைப் பிடித்தால் விடமாட்டார். அவரை நினைத்தால் முதலில் எனக்கு நினைவுக்கு வருவது அதுதான். குண்டு போடப் பொம்மர் வந்தால் எல்லோரும் பின்வளவுப் பங்கருக்குள் விழுந்து புரண்டு ஒதுங்குவோம். அவர் எப்போதும் வாசல் படியில்தான் குந்தியிருப்பார். அங்கிருந்து பார்த்தால் களஞ்சியத்தின் பக்கச் சுவரும் தெருவில் ஒரு துண்டும் தெரியும். "உள்ளுக்கு வாருங்கோ அக்கா, தலை போயிடும்" என்று பெடியங்கள் கத்துவார்கள். "தலை போனாலும் கண் இஞ்சதான் நிக்கும்" என்பார். பஸ்ஸுக்கு நிற்கும்போதும் ஒரே மரத்தடி. அந்த மரத்தடியில் மாடு படுத்திருந்தால் மாட்டுக்குப் பக்கத்தில் நிற்பாரே தவிர அடுத்த மரத்துக்குப் போகமாட்டார்.

பிளாஸ்க்குக்கும் ஒரு முறை வைத்திருந்தார். பன்னிரண்டு மணிக்கு மூடியைத் திறந்து, அதற்குள் தேத்தண்ணி ஊற்றிப் பலகையில் வைப்பார். ஒரு பனங்கட்டித் துண்டும் பக்கத்தில் இருக்கும். தான் குடிக்கமாட்டார். ஆறும் வரை அது அப்படியே இருக்கும். பிறகு வெளியே கையை நீட்டிப் புளிய மரத்தின் வேரில் ஊற்றிவிட்டு, மிச்சத்தைப் பக்கத்து மேசைகளுக்குப் பங்கிடுவார்.

"அக்கா காகத்துக்குத் தேத்தண்ணி வைக்கிறா" என்று கணக்குப் பகுதித் தம்பி ஒருவர் பகிடி பண்ணுவார். "காகத்துக்குப் பனங்கட்டி, எங்களுக்கு வெறும் தேத்தண்ணியோ?"

"காகம் வாயை மூடிக்கொண்டு குடிக்கும். உம்மால ஏலுமோ?"

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்திருந்தேன்.

மண்டபத்தில் மேசைகள் குறைவு, ஆட்கள் கூட. மூன்று கந்தோர்க்காரருக்கும் காலையில் சண்டை. ஒருவர் மேசையின் இழுப்பறையில் மற்றவர் சாப்பாட்டுப் பார்சலை வைத்துவிட்டார் என்று ஒரு முழு நாள் வேலை நின்றது. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. பல வருடங்களுக்கு முன் கொழும்பில் ஒரு பயிற்சி வகுப்பில், மேசை யாருக்கும் சொந்தமாக இருக்கக்கூடாது என்று ஒருவர் படிப்பித்திருந்தார். அன்றைக்கு யாருக்கு எந்த மேசை வாய்க்கிறதோ அதில் வேலை செய்துவிட்டு, பின்னேரம் வெறுமையாக்கி விட்டுப் போகவேண்டும். இடம் மிச்சம், பொறாமை இல்லை, பெரியவர் சின்னவர் இல்லை. அகதிகளாகிய எங்களுக்கென்றே சொன்னது போல இருந்தது.

மூன்று கந்தோர்த் தலைவர்களும் ஒத்துக்கொண்டார்கள். முதலில் வருபவர் விரும்பிய இடத்தில் இருக்கலாம். மேசையில் சொந்தச் சாமான் எதுவும் இருக்கக்கூடாது. சாமிப்படம், குடை, பிளாஸ்க், எல்லாம் அலுமாரிக்குள். அதற்குப் 'பொது மேசை' என்று நானே பெயர் வைத்தேன். உண்மையில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

முதல் கிழமையில் மண்டபம் அமைதியாகிவிட்டது. சண்டை ஓய்ந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். பக்கத்தில் இருப்பவர் நாளைக்கு இருக்கமாட்டார் என்று தெரிந்தால் மனிதர் கதைப்பதை நிறுத்திவிடுவார்கள் என்பது அப்போது எனக்குப் பிடிபடவில்லை. துணுக்காயிலிருந்து சைக்கிளில் வரும் மிஸ் ஒருவர் நல்ல கதிரைக்காக விடியவே வரத் தொடங்கினார். வீட்டில் சின்னப் பிள்ளை உள்ளவர்கள் பிந்தி வந்து, கோப்பை மடியில் வைத்துக்கொண்டு, முன்பு மாவு மூட்டை அடுக்கிய மாவுப் பலகைகளில் குந்தினார்கள். ஒருவர் தன் கைக்குட்டையை முதல் நாள் பின்னேரமே கதிரையில் கட்டிவிட்டுப் போனார். அதை நான் அவிழ்த்தேன். தூரத்திலிருந்து வரும் சனம் வாசலில் நின்று தங்கள் காரியத்தைப் பார்க்கும் ஆளை மண்டபம் முழுக்கத் தேடினார்கள். போன முறை கண்ட மேசையில் இந்த முறை வேறு முகம். "ஐயா, அந்தத் தம்பி மாறிப் போயிட்டாரோ?" என்று கேட்பார்கள். இல்லை, அந்த மூலையில் இருக்கிறார் என்று காட்டினால் நம்பாமல் பார்ப்பார்கள்.

யன்னலடி அக்கா மட்டும் என்னிடம் வந்தார்.

"சேர், என்னை மட்டும் விட்டுவிடுங்கோ. நான் வேறொண்டும் கேட்கேல்ல."

"ஒருத்தரை விட்டால் எல்லாரும் கேட்பினம் பிள்ளை."

"எனக்கு வெளிச்சம் வேணும்."

"பின் கதவடியிலயும் வெளிச்சம் இருக்கே."

யன்னல் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "சரி சேர்" என்றார். காரணத்தைச் சொல்லியிருந்தால் நான் விட்டிருப்பேன் என்று பல காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார் என்பதும் உண்மை.

அவர் விடியற்காலை பஸ்ஸைப் பிடித்து வந்து யன்னலடியை எடுக்கப் பார்ப்பார். பஸ் வராத நாட்கள்தான் அதிகம். ஆனால் அவர் பிந்தி வந்தாலும் அந்த மேசை வெறுமையாகவே இருக்கும். மாவுப் பலகையில் குந்தியிருப்பவர்கூட எழுந்து அதில் போய் இருக்கமாட்டார். இதைக் கவனித்தபோது எனக்குக் கோபம் வந்தது. என் ஒழுங்கை எல்லோரும் சேர்ந்து பேசாமல் முறிக்கிறார்கள் என்று நினைத்தேன். ஒரு நாள் எல்லோருக்கும் முதல் வந்து நானே யன்னலடியில் இருந்துகொண்டேன். முதல் நாள் அவர் பலகையிலேயே விட்டுப் போயிருந்த பிளாஸ்க்கை என் கையாலேயே எடுத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். நான் கொஞ்ச நேரம் வெளியே போயிருந்தபோது அக்கா வந்து, மேசையில் யாருடையதோ கோப்புகள் விரிந்து கிடந்ததை மட்டும் கண்டார். நான் திரும்பி வருமுன் அலுமாரிகளுக்குப் பின்னால், யன்னலே தெரியாத, யாரும் விரும்பாத இருட்டு மேசைக்குப் போய்விட்டார்.

மத்தியானம் எல்லோரும் பின்வளவுக் கிணற்றடிக்குச் சாப்பிடப் போனார்கள். நான் போகவில்லை. அப்போதுதான் யன்னலுக்கு வெளியே ஒரு ஆள் வந்து நின்றான். நான் எழுதிக்கொண்டிருந்தேன். அவன் கதைக்கவில்லை. உள்ளங்கையைப் பலகையில் வைத்துத் தடவினான். கொஞ்சம் தள்ளி வைத்து மறுபடியும் தடவினான். பிச்சை கேட்கிறான் என்றோ, புத்தி சரியில்லாதவன் என்றோ நினைத்தேன். "முன்பக்கம் போங்கோ, முன்பக்கம்" என்று கையை வீசினேன். தலையை நிமிர்த்தியபோது அவன் முதுகைத்தான் கண்டேன். தெருவில் வைக்கோல் ஏற்றிய ரக்டர் ஒன்று உறுமிக்கொண்டு நின்றது.

மறுநாள் காலை அக்கா ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்ததில்லை. எதிரே தேத்தண்ணிக் கடை வைத்திருந்தவர் அவரிடம் சொல்லியிருக்கிறார்: "பிள்ளை, ஒரு பக்கம் சரிஞ்சு நடக்கிற ஆளெண்டெல்லோ சொன்னனீங்கள்? நேற்று மத்தியானம் உங்கட யன்னலடியில ஒருத்தர் நிண்ட மாதிரி இருந்தது. நான் சனத்துக்குத் தேத்தண்ணி ஊத்திப்போட்டுப் பாக்க ஆளைக் காணேல்ல. அவர்தானோ எண்டு சொல்லத் தெரியேல்ல."

அக்கா மேசை மேசையாகப் போனார்.

"நேற்று யன்னலடியில இருந்தது ஆர்?"

"நான் பின்னுக்கு இருந்தனான் அக்கா."

"நான் நேற்றுப் பிந்தி வந்தனான். கவனிக்கேல்ல அக்கா."

உண்மையாகவே தெரியாதவர்களும் இருந்தார்கள். தெரிந்தவர்கள் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்கள். கடைசியாக என்னிடம் வந்தார்.

"சேர், உங்களுக்குத் தெரியுமோ?"

"நாளுக்கொரு ஆள் இருக்கிற மேசை பிள்ளை. ஆருக்கு நினைவிருக்கும்?"

அந்த வசனத்தை நான்தான் சொன்னேன். எனக்கு வசதியான பதிலை என் ஒழுங்கே எடுத்துத் தந்தது.

பின்னேரம் எங்கள் பியோன் கதவைப் பூட்டிக்கொண்டே என்னிடம் கதைத்தார். மலையகத் தேயிலைத் தோட்டப்பக்கத்திலிருந்து வந்து வன்னியில் காடு வெட்டிக் குடியேறியவர். அதிகம் பேசாதவர்.

"நேத்து யன்னலுக்கு வந்தது அந்தம்மாவோட தம்பியா இருக்கும்ங்க ஐயா."

"எந்தத் தம்பி?"

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். பிறகு சொன்னார். தம்பி வளர்ந்த ஆள்தான், பேச்சு வராது, புத்தியும் கொஞ்சம் மட்டு. ஆனால் ஒரு தரம் கண்ட இடத்தை மறக்கமாட்டான். கிளிநொச்சியில் ஒவ்வொரு மத்தியானமும் கந்தோர் யன்னலடிக்கு வந்து அக்காவிடம் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவான். இடம்பெயர்ந்து வந்தபோது அக்கராயன் சந்தி நெரிசலில் கை விட்டுப் போயிற்று. அன்று முதல் லொறிக்காரர், ரக்டர்காரர், மீன் கொண்டு வருபவர் எல்லோரிடமும் அக்கா ஒரே செய்திதான் சொல்லி அனுப்பியிருந்தார்: கண்டால் மல்லாவி சங்கக்கடையில் இறக்கிவிடுங்கோ, யன்னலையும் சிவப்பு பிளாஸ்க்கையும் கண்டால் அவன் நிற்பான்.

"இதை ஏன் எனக்கு ஒருத்தரும் சொல்லேல்ல?"

"எல்லாத்துக்கும் தெரியுங்க. ஒங்களுக்கும் தெரியும்னுதான் நெனச்சோம். தெரிஞ்சும் சட்டம்னா சட்டம்தான்னு இருக்கீங்கன்னு..." சாவியை என் கையில் வைத்தார்.

அடுத்த நாளே பொது மேசையை நிறுத்தினேன். காரணம் சொல்லவில்லை. எல்லோரும் தங்கள் தங்கள் இடத்துக்குப் போனார்கள். மண்டபத்தில் மறுபடியும் சண்டையும் சிரிப்பும் வந்தன. அக்கா யன்னலடிக்கு வந்து பலகையைத் துடைத்துவிட்டு, என்னைத் திரும்பிப் பார்த்து, "பெரிய உபகாரம் சேர்" என்றார். அவர் ஏசியிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேனோ தெரியாது. நன்றி சொன்னதால் என் வாய் இன்னும் இறுகிப்போயிற்று.

அதற்குப் பதிலாகத் தேடத் தொடங்கினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளை எடுத்துக்கொண்டு வைக்கோல் ஏற்றுகிறவர்களை விசாரித்தேன். வவுனிக்குளத்துப் பக்கம் அந்த ரக்டர்காரரைக் கண்டுபிடித்தேன். "ஓம் ஐயா, ஒருத்தரை ஏத்தி வந்தனான். சங்கக்கடையடியில இறங்கினவர். கொஞ்ச நேரத்தால ஓடி வந்து திரும்ப ஏறிட்டார். சந்தியில நான் நிப்பாட்ட, கிழக்கால போன லொறியொண்டில தாவிட்டார்" என்றார். கிழக்கே என்றால் முல்லைத்தீவு வரை காடும் கொட்டில்களும். கரையோரம் முள்ளிவாய்க்கால் வரை போய்ப் பார்த்தேன். மீன் வாடிகளில் கேட்டேன். சரிந்து நடக்கிறவர்கள் அந்த நாட்களில் நிறையப் பேர் இருந்தார்கள்.

மழை தொடங்கிய பிறகு ஒரு மத்தியானம், எல்லோரும் சாப்பிடப் போன நேரம், அவர் மேசைக்கு முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். பிளாஸ்க்கைப் பூட்டி வைத்தது, கையை வீசியது, பொய் சொன்னது, ரக்டர்காரர் சொன்னது. அவர் எழுந்திருக்கவில்லை.

"என்ன சேட்டு போட்டிருந்தவன்?"

எனக்குத் தெரியவில்லை.

"தலைமயிர் வளர்ந்திருந்ததோ? காலில செருப்பு இருந்ததோ? சாப்பிட்ட முகமோ?"

"நான் பாக்கேல்ல பிள்ளை. கையைத்தான் கண்டனான். பலகையைத் தடவினவர்."

"எப்பிடித் தடவினவன்?"

செய்து காட்டினேன். உள்ளங்கையை விரித்துப் பலகையில் வைத்து, கொஞ்சம் தள்ளி, மறுபடியும். அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அவன்தான். பிளாஸ்க் இருந்த இடம் சுடுதோ எண்டு பாக்கிறவன். சுட்டால் நான் கிட்டத்தான் நிக்கிறன் எண்டு இருப்பான். சுடாட்டிப் போயிடுவான்."

கடைக்காரர் சொன்னது நிச்சயமில்லாத செய்தி. இத்தனை மாதமும் அவர் தம்பி உயிரோடு இருக்கிறான் என்பதற்குச் சாட்சி நான் ஒருவன்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"இதை அண்டைக்கே சொல்லியிருந்தால் நான் பின்னால ஓடியிருப்பன் சேர்."

அவ்வளவுதான் சொன்னார். பிறகு மணியைப் பார்த்தார். மூடியைத் திறந்து தேத்தண்ணி ஊற்றிப் பலகையில் வைத்தார். அன்று மிச்சத்தைப் பங்கிட்டபோது எனக்கும் ஒரு கோப்பை வந்தது. அதைக் குடித்து முடிக்க எனக்கு நெடுநேரம் எடுத்தது.

நான் வேலையிலிருந்து இளைப்பாறியும் மல்லாவியிலேயே இருந்தேன். கிளிநொச்சிக்குத் திரும்பலாம் என்ற காலம் வந்தது. கந்தோர்களும் ஒவ்வொன்றாகப் போயின. அவர்கள் சாமான் ஏற்றுகிற நாளில் அக்கா என்னுடைய கொட்டிலுக்கு வந்தார். அவர் அங்கே வந்தது அந்த ஒரு முறைதான்.

"சேர், இப்ப அவனுக்கு ரெண்டு யன்னல் தெரியும். கிளிநொச்சிக் கந்தோரில கூரை இல்லையாம், சுவர் நிக்குதாம். அந்த யன்னலடியில நான் இருக்கலாம். இஞ்ச?"

"இஞ்ச நான் இருக்கிறன் பிள்ளை."

இதை எதிர்பார்த்தே வந்தவர் போலப் பிளாஸ்க்கை என்னிடம் தந்தார். "அங்க நான் வேறயொண்டு, சிவப்பாப் பாத்து வாங்குறன். பனங்கட்டி மறக்காதேங்கோ. அவன் வந்தால் கதை கொடுக்கவேண்டாம், பயந்திடுவான். மூடியை வைச்சுப்போட்டு மற்றப் பக்கம் பாத்துக்கொண்டிருங்கோ." படலையடியில் திரும்பி, "என்ன சேட்டு போட்டிருக்கிறான் எண்டு மட்டும் பாத்து வையுங்கோ" என்றார்.

சங்கக்கடைக்காரர்கள் களஞ்சியத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். யன்னலடியில் ஒரு கதிரை போட எனக்கு அனுமதி தந்தார்கள். மத்தியானத்தில் நான் அங்கே இருப்பேன். நாளடைவில் வேறு சனமும் வந்து தங்கள் ஆட்களின் அடையாளம் சொல்லிவிட்டுப் போனார்கள். மகளைத் தேடும் தாய், தகப்பனைத் தேடும் மகன். எல்லோரிடமும் முதலில் என்ன உடுப்பு என்றுதான் கேட்பேன். வருகிறவர் போகிறவர் எல்லோருடைய உடுப்பையும் பார்த்தேன். ஒரு பக்கம் சரிந்து நடந்து யாரும் வரவில்லை.

கிளிநொச்சி பஸ்ஸில் ஒரு கொண்டக்டர் இருந்தார். பஸ் திரும்பிப் போகும்போது தலையை வெளியே நீட்டிக் கேட்பார்.

"ஐயா, யன்னல் என்ன சொல்லுது?"

"இண்டைக்கும் இல்லையெண்டு அக்காட்டச் சொல்லுங்கோ. அங்க?"

"அங்கயும் இல்லையாம். பனங்கட்டி முடிஞ்சுதோ எண்டு கேட்கச் சொன்னவா."

பஸ் போன பிறகு ஆறிய தேத்தண்ணியைப் புளியடியில் ஊற்றிவிட்டு, பிளாஸ்க்கைப் பலகையிலிருந்து எடுப்பேன். எடுத்த இடத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பேன். அந்தப் பழைய பிளாஸ்க் அடிப்பக்கத்தால் சூட்டை விடும். முதிரை நல்ல மரம், அதை உடனே விட்டுவிடாது. கை வைத்தவருக்குத் தெரியும் அளவுக்கு இன்னும் கொஞ்ச நேரம் சுட்டுக்கொண்டிருக்கும்.